பொன்விழா விருந்துக்கு இனிப்பு ஒயின்: எதை வாங்கலாம்?

கோடைமகள்
வணக்கம். ஜனவரியில் அப்பா அம்மாவுக்குத் திருமணப் பொன்விழா. காலையில் கோயிலில் நன்றித் திருப்பலி, இரவு கொடைக்கானல் வீட்டிலேயே விருந்து. சொந்தபந்தம் மட்டும்தான், 30 பேர் வரைக்கும் வருவார்கள். அதில் ஒயின் எடுத்துக்கொள்கிறவர்கள் 20, 22 பேர் இருக்கும்.

சாப்பாடு முடிந்ததும் இனிப்போடு சேர்த்துக் கொடுக்க நல்ல இனிப்பு ஒயின் ஒன்று வாங்க ஆசை. அப்பாவும் அம்மாவும் கிறிஸ்துமஸுக்கு ஒரு சின்னக் கிளாஸ் குடிப்பதோடு சரி. துவர்ப்பான சிவப்பு ஒயினைக் கொடுத்தால் முகம் சுளிப்பார்கள். தம்பி துபாயிலிருந்து வருகிறான், அங்கே விமான நிலையத்தில் வாங்கி வரச் சொல்லலாம். அவன் பெயர் பெயராக அனுப்புகிறான், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வத்தலக்குண்டு_ராஜ்
இதற்கு ஏன் துபாய் வரை போக வேண்டும்? இங்கே கடையிலேயே போர்ட் ஒயின் கிடைக்கிறதே. இனிப்பாகத்தான் இருக்கும், விலையும் குறைவு.

கப்பல்காரன்
சகோதரிக்கு வாழ்த்துகள். பயணிகள் கப்பலில் சாப்பாட்டுக் கூடத்தில் பல வருடம் ஒயின் பரிமாறியவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ராஜ் சொன்னதற்கு. நம் ஊர்க் கடைகளில் போர்ட் என்று விற்கிற மலிவான ஒயின்களுக்கும் போர்ச்சுகல் போர்ட்டுக்கும் பெயர் மட்டும்தான் பொது. அசல் போர்ட் போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்குத் திராட்சையில் செய்வது. அந்தப் பகுதிக்கு 1756லேயே எல்லை வகுத்துவிட்டார்கள். லேபிளில் போர்ச்சுகல் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அது வேறு சரக்கு. பொன்விழாவுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒயினைத் தேடும் முன் தட்டில் என்ன வைக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். தட்டில் இருக்கும் பண்டத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும். மற்ற விதிகளை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. பண்டம் முந்திக்கொண்டால் ஒயினின் இனிப்பு நாக்குக்குத் தெரியாமலே போய், புளிப்பும் காட்டமும் மட்டும் நிற்கும். குலாப் ஜாமூனைத் தின்றுவிட்டு எவ்வளவு உயர்ந்த ஒயினைக் குடித்தாலும் காசு வீண்தான்.

அடுத்தது புளிப்பு. பானகத்தில் எலுமிச்சை பிழியாவிட்டால் அது வெறும் வெல்லத் தண்ணீர். இனிப்பு ஒயினும் அப்படித்தான். லிட்டருக்கு 100, 150 கிராம் சர்க்கரை இருந்தும் திகட்டாமல் அடுத்த மடக்குக்கு நாக்கு ஏங்குகிறது என்றால் உள்ளே நல்ல புளிப்பு இருக்கிறது என்று பொருள். மலிவான இனிப்பு ஒயின் பாதிக் கிளாஸிலேயே திகட்டுவதற்கு, இந்தப் புளிப்பு இல்லாததுதான் பெரும்பாலும் காரணம்.

அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து நான்கு குடும்பமாகப் பிரித்துக்கொண்டால் தம்பி அனுப்புகிற பெயர்கள் பிடிபடும். பழத்தைக் கொடியிலேயே அதிகநாள் விட்டோ, பறித்து வெயிலில் உலர்த்தியோ தண்ணீரை வற்றவிடுவது ஒன்று. ஸ்பெயினின் பெத்ரோ ஹிமெனெஸ் வெயிலில் உலர்த்திய பழத்தில் செய்வது, பாகு கணக்காகக் கறுப்பாக இருக்கும். போட்ரிடிஸ் என்ற பூஞ்சை பழத்தோலைத் துளைத்துத் தண்ணீரை வெளியேற்றுவது இன்னொன்று. பிரான்ஸின் சோத்தேர்ன், ஹங்கேரியின் டோக்காய் ஆசு எல்லாம் இந்தக் குடும்பம். கொடியிலேயே உறைந்த பழத்தைப் பிழிவது ஐஸ் ஒயின். நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி ஈஸ்ட்டை நிறுத்திவிடுவது போர்ட். ஈஸ்ட் தின்னாமல் விட்ட சர்க்கரை அப்படியே தங்கிவிடும். அதனால்தான் போர்ட்டில் ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சோத்தேர்ன் 13, 14தான்.

உங்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று சொன்னால் மேலே பேசலாம்.

கோடைமகள்
இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி அண்ணா. அம்மாவின் பிளம் கேக் கட்டாயம் உண்டு. பழங்களை இப்போதே ஊறப் போட்டாயிற்று. கல்கல், அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து. பெரியம்மா பால் பாயசம் வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அப்புறம் கொடைக்கானல் வீடு என்றால் சாக்லேட் இல்லாமலா?

கம்பம்_கொடி
நாங்கள் மலைக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போடுகிறவர்கள். எங்கள் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதன் இனப்பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் குடும்பம் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். பழத்தை வாயில் போட்டதும் மூக்குக்கு ஏறுகிற அந்தப் பன்னீர் வாசனை இருக்கிறதே, அந்தக் குடும்பத்துக்கே உரியது அது. இத்தாலியின் மொஸ்காட்டோ தாஸ்தி ஒயின் அதே குடும்பத்து வெள்ளைப் பழத்தில் செய்வது. ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், இலேசாக நுரைக்கும்.

குடித்துப் பழகாத பெரியவர்களுக்கு இதைவிடச் சாந்தமான ஒயின் கிடையாது. பன்னீர் திராட்சை தின்று வளர்ந்த நாக்கு முதல் வாயிலேயே அடையாளம் கண்டுகொள்ளும். பேரிக்காய் நறுக்கி வைத்துக் கொடுங்கள், அதற்கும் இதற்கும் பொருத்தம் பிரமாதம். மொஸ்காட்டோவை மட்டும் வாங்கி வருடக்கணக்கில் வைக்காதீர்கள். அந்த வாசனை போய்விட்டால் அதில் ஒன்றுமில்லை.

பூம்பாறை_பையன்
நடுவில் ஒரு சந்தேகம். டிசம்பர், ஜனவரியில் எங்கள் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி பிடிக்கிறது. அப்படியென்றால் கொடைக்கானலிலேயே ஐஸ் ஒயின் செய்யலாமே? யாரும் முயற்சி செய்யவில்லையா?

கப்பல்காரன்
தம்பி, நல்ல கேள்வி. ஆனால் தரையில் உறைபனி பிடிப்பது வேறு, பழம் உள்வரைக்கும் உறைவது வேறு. ஜெர்மனியில் பழம் பறிக்கும்போது குளிர் மைனஸ் 7 டிகிரிக்கு வந்திருக்க வேண்டும், கனடாவில் மைனஸ் 8. சர்க்கரை கலந்த சாறு தண்ணீரைவிடக் குறைந்த வெப்பநிலையில்தான் உறையும். உறைந்த தண்ணீர் பனிக்கட்டியாகப் பழத்துக்குள்ளேயே நின்றுவிட, பிழியும்போது அடர்த்தியான சாறு மட்டும் சொட்டும். நம் மலையில் விடியற்காலை ஓரிரு மணி நேரம் புல்நுனி வெளுப்பது அதற்குப் போதாது.

கம்பம்_கொடி
அதோடு, திராட்சை எங்களிடம் கீழே, குளிர் உங்களிடம் மேலே. எங்கள் தோட்டத்தில் கொடி இலையுதிர்த்து உறங்குவதே இல்லை. கவாத்து செய்து வருடத்தில் ஒன்றுக்கு மேல் மகசூல் எடுக்கிறோம்.

சோத்தேர்ன் பூஞ்சையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், என் தொழிலோடு சம்பந்தப்பட்டது. பூஞ்சை என்றாலே எங்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். அடிச்சாம்பல் நோய் வந்தால் அந்த மகசூலே போச்சு. ஐப்பசி மழையில் பழுத்த குலையை விட்டுவைத்தால் பழம் வெடித்து அழுகும், ஈ மொய்க்கும். சோத்தேர்ன் பகுதியில் சிரோன் என்ற சிற்றாறும் கரோன் ஆறும் சேருகிற இடத்தில் இலையுதிர் காலத்துக் காலைகளில் மூடுபனி எழும்புகிறது, மதியம் வெயில் அடித்து உலர்த்திவிடுகிறது. ஈரமும் வெயிலும் அப்படி மாறி மாறி வந்தால்தான் அதே பூஞ்சை பழத்தை அழுக விடாமல் வற்ற வைக்கும். குலையில் ஒரே நேரத்தில் எல்லாப் பழமும் தயாராகாது. வற்றியதை மட்டும் பொறுக்கி எடுக்க ஆட்கள் ஒரே தோட்டத்துக்குள் திரும்பத் திரும்பப் போகிறார்கள். 1855இல் போட்ட ஒயின் தரவரிசையில் அந்தப் பகுதியிலேயே தனி உச்சத்தில் வைத்த ஷாட்டோ டிகெம் தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின் என்று சொல்வார்கள். கூலிக்கணக்குப் போட்டுப் பழகியவன் நான், அந்த விலை எனக்கு அநியாயமாகத் தெரியவில்லை.

செண்பகனூர்_டீச்சர்
விலை கொடுத்து வாங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் பல வீடுகளில் பன்னீர் திராட்சை, சர்க்கரை, கொஞ்சம் கோதுமை, ஈஸ்ட் போட்டுப் பீங்கான் ஜாடியில் வேடுகட்டி வைப்பார்கள். அந்த ருசியில் வளர்ந்தவர்களுக்கு வெளிநாட்டு ஒயின் பிடிக்குமா?

நெறியாளர்
ஒரு குறிப்பு: தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் தயாரிப்பது சட்டப்படி குற்றம். அதனால் செய்முறை இங்கே வேண்டாம். புதுச்சேரியிலிருந்தோ கர்நாடகத்திலிருந்தோ பாட்டில் கொண்டுவரும் யோசனையும் வேண்டாம். அனுமதி இல்லாமல் கொண்டுவந்து சோதனைச் சாவடியில் சிக்கினால் வழக்குதான்.

செண்பகனூர்_டீச்சர்
சரி, புரிகிறது. ஆனால் குழந்தைகளையும் குடிக்காதவர்களையும் மறந்துவிடாதீர்கள். வாழ்த்துச் சொல்லிக் கிளாஸை உயர்த்தும்போது அவர்கள் வெறுங்கையோடு நிற்கக் கூடாது. இஞ்சி ஒயின் காய்ச்சி வையுங்கள். அதில் நொதிப்பே கிடையாது. இஞ்சி, பட்டை, கிராம்பு போட்டுக் கொதிக்கவைத்து, கருக்கிய சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்தால் போதும். ஜனவரிக் குளிருக்குத் தொண்டைக்கும் இதம். அதே கிளாஸில் ஊற்றினால் நிறத்தில் போர்ட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது, பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷமாக இருக்கும்.

செவிலி_திண்டுக்கல்
பொன்விழாத் தம்பதி என்றால் எழுபதைத் தாண்டியவர்கள். சர்க்கரை நோய் இருக்கிறதா அக்கா? லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை உள்ள ஒயினில் 60 மில்லி எடுத்தால் 7 கிராம் சர்க்கரை உள்ளே போகும். கப்பல்காரன் சார் சொன்ன பெத்ரோ ஹிமெனெஸ் 400 கிராமைத் தொடும், அதே 60 மில்லிக்கு 24 கிராம். இரண்டும் ஒன்றல்ல. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. எப்படியானாலும் வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள்.

கோடைமகள்
அம்மாவுக்குக் கொஞ்சம் சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. டாக்டரிடம் கேட்டுவிடுகிறேன். ரொம்ப நன்றி.

குன்னூர்_தேயிலை
நீலகிரியிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சோத்தேர்ன், மொஸ்காட்டோ என்று போகிறீர்கள். நடுவில் இருப்பது பிளம் கேக். அதற்கு டானி போர்ட்டை விட்டால் வேறென்ன?

டானி என்பது மரப்பீப்பாயில் பல வருடம் கிடந்து, சிவப்பு மங்கிச் செம்பழுப்பாகிற போர்ட். காற்று மெல்ல மெல்லப் பட்டுப்பட்டு வாதுமை, அத்திப்பழம், ஆரஞ்சுத் தோல், கருக்கிய சர்க்கரை எல்லாம் அதில் வந்துவிடும். உங்கள் அம்மா கேக்குக்கு ஊறப்போட்டிருப்பதும் ஏறக்குறைய அதே சாமான்கள்தானே! முந்திரிக்கொத்தின் வெல்லத்துக்கும் பொருந்தும். சாக்லேட்டுக்கும் தாக்குப்பிடிக்கும், கறுப்பு சாக்லேட்டாக இருந்தால் நல்லது. சோத்தேர்னைச் சாக்லேட்டோடு மட்டும் வைத்துவிடாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும்.

மலைவீட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாட்டிலிலேயே வருடக்கணக்கில் முதிர்கிற வின்டேஜ் போர்ட்டில் அடியில் வண்டல் தங்கும். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்த பாட்டிலை அன்று மாலையே திறந்தால் கிளாஸில் வண்டல்தான் விழும். ஒரு நாளாவது நிமிர்த்தி வைத்து, மெதுவாக வேறு ஜாடிக்கு வடித்து ஊற்ற வேண்டும். டானியில் அந்தத் தொல்லை இல்லை, வண்டல் எல்லாம் பீப்பாயிலேயே நின்றுவிடும். காரிலிருந்து இறக்கிய கையோடு திறக்கலாம்.

லேபிளில் 10, 20, 30, 40 என்று வருடம் போட்டிருக்கும். பல ஆண்டுகளின் ஒயினைக் கலந்து, அந்த வயதுக்குரிய ருசி வந்திருக்கிறது என்பதற்கான எண் அது. 2022இல் 50 ஆண்டு என்ற வகைக்கும் போர்ச்சுகலில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். பொன்விழாவுக்கு எண் கச்சிதமாகப் பொருந்துகிறது, விலைதான் எட்டாத உயரம். 10 ஆண்டு டானியே இந்த விருந்துக்குத் தாராளம். 20 கிடைத்தால் இன்னும் நல்லது.

கப்பல்காரன்
குன்னூர் நண்பர் சொல்வதில் பிளம் கேக் வரைக்கும் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் விருந்து முழுக்க டானி என்றால் பாதிப் பேருக்கு 20 சதவீதம் தூக்கலாக இருக்கும். பெரியவர்கள், பழகாதவர்கள். அந்தத் தம்பதிக்கு முதல் மடக்கு சோத்தேர்னாக இருந்தால் அது வேறு அனுபவம். தேன், மர்மலேட், குங்குமப்பூ எல்லாம் வாசனையில் வரும், கடைசியில் புளிப்பு வந்து நாக்கைக் கழுவிவிடும். கொடைக்கானலில் சீஸுக்குப் பஞ்சமில்லை. நீலம் பாய்ந்த உப்புச் சீஸ் ஒரு துண்டு கிடைத்தால் அதோடு கொடுத்துப் பாருங்கள். உப்பும் இனிப்பும் மோதுகிற அந்தச் சுகத்தை எந்தக் கேக்காலும் தர முடியாது.

குன்னூர்_தேயிலை
சார், 22 பேருக்குச் சோத்தேர்ன் கொடுத்தால் பட்ஜெட் என்ன ஆகும்? அது பெரும்பாலும் 375 மில்லி அரைப்பாட்டிலில்தான் வரும். 60 மில்லி வீதம் ஆறு கிளாஸ். நான்கு பாட்டில் வேண்டும். டானி 750 மில்லியில் 12 கிளாஸ், இரண்டு பாட்டிலில் முடிந்துவிடும். 20 சதவீதம் என்று பயப்படவும் தேவையில்லை, 60 மில்லியைக் கேக்கோடு அரைமணி நேரம் சப்பிக் குடிக்கிற பானம் அது. வெளியே 8 டிகிரி குளிரில் பெரியவர்கள் எதை விரும்புவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

கப்பல்காரன்
குளிர் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். எல்லோருக்கும் டானி இருக்கட்டும். தம்பதிக்கு மட்டும் அந்த அரைப்பாட்டிலை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கோடைமகள்
பாயசத்தை என்ன செய்வது? பெரியம்மாவிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை!

கப்பல்காரன்
சொல்லவே வேண்டாம். பாயசத்தைச் சாப்பாட்டோடு சேர்த்து, இலையிலேயே பரிமாறச் சொல்லுங்கள். அது முடிந்து, கை கழுவி, நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்த பிறகு கேக்கையும் ஒயினையும் கொண்டுவாருங்கள். நடுவில் வெந்நீர் கொடுங்கள். நம் வீட்டு இனிப்புகளில் பாதிக்கு மேல் எந்த ஒயினையும் தோற்கடிக்கும் இனிப்பு. அவற்றோடு ஒயினைப் போட்டிக்கு விட வேண்டாம், இரண்டுக்கும் தனித்தனி நேரம் கொடுங்கள். கேக்கின் மேல் ஐசிங் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

கோடைமகள்
தம்பியிடம் பேசினேன். ஒரு ஆளுக்கு 2 லிட்டர் வரைதான் தீர்வை இல்லாமல் கொண்டுவர முடியுமாம். 10 ஆண்டு டானி இரண்டு பாட்டில், சோத்தேர்ன் அரைப்பாட்டில் ஒன்று. கூட்டிப் பார்த்தால் 1,875 மில்லி, சரியாக அடங்குகிறது. சோத்தேர்ன் அப்பா அம்மாவுக்கும் பிள்ளைகள் எங்களுக்கும். டானி எல்லோருக்கும். குழந்தைகளுக்கு டீச்சர் சொன்ன இஞ்சி ஒயின். கம்பம் அண்ணனின் மொஸ்காட்டோவுக்குத்தான் இடமில்லாமல் போய்விட்டது, மன்னிக்கவும்.

கம்பம்_கொடி
அதனால் என்ன? நல்ல தேர்வு. மொஸ்காட்டோவை ஈஸ்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது திறக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. நுரைக்கிற ஒயின் அங்கே கூடுதலாகப் பொங்கும். நன்றாகக் குளிரவைத்து, கார்க்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மெதுவாகத் திருகுங்கள்.

தம்பியால் கொண்டுவர முடியாமல் போனாலும் கவலை வேண்டாம். நாசிக்கின் சுலா நிறுவனத்திடம் லேட் ஹார்வெஸ்ட் செனின் பிளாங்க் என்ற இனிப்பு ஒயின் 375 மில்லியில் வருகிறது. பெரிய ஊர்களில் டாஸ்மாக் எலைட் கடையில் விசாரித்துப் பாருங்கள். சோத்தேர்னின் ஆழம் இருக்காது, ஆனால் நேர்மையான ஒயின்.

குன்னூர்_தேயிலை
தம்பி டியூட்டி ஃப்ரீ ரசீதைத் தூக்கிப் போட வேண்டாம். ஊர் வந்து சேரும்வரை பாட்டிலோடு இருக்கட்டும்.

அப்புறம் வெப்பநிலை. சோத்தேர்ன் 8 முதல் 10 டிகிரி, டானி 12 முதல் 14. கீழே ஊரில் என்றால் ஃப்ரிட்ஜ் வேண்டும். ஜனவரியில் உங்கள் வீட்டில் டானியை அடுப்பங்கரை அலமாரியில் வைத்தாலே போதும். வெளித்திண்ணையில் இரவெல்லாம் வைத்தால் அதிகமாகக் குளிர்ந்து வாசனையே எழும்பாது. குரங்கு வந்து உருட்டிவிடவும் கூடும். அப்படிக் குளிர்ந்துவிட்டால் கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருக்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். கிளாஸ் சின்னதாக, வாய் கொஞ்சம் குறுகலாக இருக்கட்டும். பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், வாசனை தங்க மேலே இடம் வேண்டும்.

கோடைமகள்
கடைசியாக ஒன்று. விருந்து முடிந்து பாட்டிலில் மிச்சம் இருந்தால் வைத்துக்கொள்ளலாமா, கெட்டுவிடுமா?

கப்பல்காரன்
டானி பீப்பாயிலேயே காற்றோடு பழகியது. கார்க்கை இறுக்கமாக மூடி, நிமிர்த்தி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் தாராளமாக இருக்கும். சோத்தேர்ன் ஒரு வாரம். அதுவும் மூடி, ஃப்ரிட்ஜில். மொஸ்காட்டோ என்றால் நுரை அடங்குவதற்குள் அன்றைக்கே குடித்து முடித்துவிட வேண்டும். மிஞ்சிய டானியில் பேரிக்காயைத் தோல் சீவி, ஒரு துண்டு பட்டையோடு சிறுதீயில் வேகவைத்துப் பாருங்கள். மறுநாள் ஊருக்குக் கிளம்பாமல் தங்கியிருக்கும் உறவினர்களுக்குக் கொடுக்கலாம். வேகும்போது ஆல்கஹால் முழுதாகப் போய்விடாது, அதனால் குழந்தைகளுக்குத் தனியாக வெல்லத்தில் வேகவைத்துக் கொடுங்கள்.